கம்பக் கொட்டகை போடுமுன்: திட்டம், அளவு, அடித்தளம்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கரையோரத்தில் கம்பக் கொட்டகைகள் கூரைப் பாரம் தாங்காமல் விழுவது மிக அரிது. ஒன்று, காற்று கூரையைத் தூக்கிவிடுகிறது. அல்லது தரைமட்டத்தில், கணுக்கால் உயரத்துக்குள், கம்பம் உளுத்துப் போகிறது. கட்டுபவர்களின் கவலையோ பெரும்பாலும் உத்திரம் வளையுமா என்பதில்தான் இருக்கிறது. மேலே இழுக்கும் காற்றையும் கீழே தேங்கும் ஈரத்தையும் முதலில் கணக்கில் எடுத்தால் மீதி வேலை எளிது. இந்த இரண்டையும் மரக்கடைக்குப் போவதற்கு முன்பே தாளில் தீர்த்துவிட வேண்டும்.

டொங்காட், வெருலம், ஸ்டேங்கர், உம்சிண்டோ பக்கத்துச் சிறு கரும்புத் தோட்டத்துக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் ஏற்ற ஓர் அளவை இங்கே எடுத்துக்கொள்கிறோம்: 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், ஒற்றைச் சாய்வுக் கூரை, நடுவில் கால் கிடையாது. ஒரு டிராக்டர், ஒரு டிரெய்லர், உர மூட்டைகள், தெளிப்பான், கருவிகள் எல்லாம் இதில் அடங்கும். கோயில் வளாகத்தில் தேரும் பந்தல் சாமானும் வைக்கப் போடுவதானால் நீளத்தை விட உயரமே முக்கியம். தேரின் கலசம் வரை அளந்து, அதற்கு மேல் அரை மீட்டர் விட்டு, அங்கிருந்து கீழே கணக்குப் போட்டு வாருங்கள்.

திசை

தமிழ்நாட்டு மனையடி நூல்களில் வரும் வெயில் கணக்கு இங்கே பொருந்தாது. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம், குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. டர்பனில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கில் சுமார் 37 பாகை உயரத்தில்தான் நிற்கும். கொட்டகையின் உயரமான, திறந்த முகத்தை வடக்கே வைத்தால் குளிர்காலத்தில் வெயில் ஏறக்குறைய 5 மீட்டர் உள்ளே வந்து தரையைக் காயவைக்கும். டிசம்பரில் சூரியன் தலைக்கு மேல் போய்விடுவதால் அதே கூரை முழு நிழல் தரும்.

காற்றும் இதற்கு ஒத்துப்போகிறது. இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கடற்கரையை ஒட்டியே வீசும். குளிரும் மழையும் சேர்ந்த முரட்டுக் காற்று தென்மேற்குக் காற்றுதான். தாழ்ந்த முதுகுப்பக்கம் தெற்கே இருந்தால் அந்தக் காற்று கூரைமேல் வழுக்கிப் போகும். திறந்த வாய் தென்மேற்கே இருந்தால் உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளும். மனை அமைப்பு காரணமாக வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய, திறந்த முகத்தைத் தெற்கிலோ தென்மேற்கிலோ வைக்காதீர்கள்.

மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகைதான் காற்றுக்கு மிக மோசமான வடிவம். எல்லாப் பக்கமும் திறந்த கொட்டகையில் காற்று ஊடே போய்விடும். மூன்று பக்கம் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, மேலே உறிஞ்சும் விசையோடு சேர்ந்துகொள்ளும். “இப்போது திறந்து போடுவோம், அடுத்த வருஷம் தகரம் அடிப்போம்” என்று நினைப்பவர்கள் அடித்தளத்தை இப்போதே அடைத்த கொட்டகைக்கு உரியதாகப் போட வேண்டும். பின்னால் தகரம் அடிக்கலாம், குழியைப் பெரிதாக்க முடியாது.

காலமும் அனுமதியும்

குழி தோண்ட நல்ல காலம் மே முதல் ஜூலை வரை. மழை குறைவு, குழியில் தண்ணீர் ஊறாது, லாரி சேற்றில் மாட்டாது. ஆடி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், அம்மன் கஞ்சிப் பூசைகளும் வரிசையாக வந்துவிடும். ஆகவே வைகாசியிலோ ஆனியிலோ முதல் கால் நட வேண்டுமென்றால் வரைபடம் மாசிக்குள் நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

1977-இன் 103ஆம் எண் சட்டமான தேசியக் கட்டட விதிமுறைகள், கட்டடத் தரநிலைகள் சட்டத்தின்படி உள்ளாட்சியின் எழுத்து மூல ஒப்புதல் இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. 10 சதுர மீட்டருக்கு மிகாத கருவி அறை, 40 சதுர மீட்டருக்கு மிகாத திறந்த கார் கொட்டகை போன்றவை ‘சிறு கட்டட வேலை’ என்ற வகையில் வரும். அவற்றுக்கு முழு வரைபடம் தேவைப்படாமல் போகலாம், ஆனால் கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் எழுத்து அனுமதி அவற்றுக்கும் வேண்டும். நம்முடையது 72 சதுர மீட்டர். எனவே முழு விண்ணப்பம்தான். வரைபடத்தைக் கட்டடக் கலைத் தொழில் மன்றத்தில் பதிவு செய்தவர்தான் கொடுக்க முடியும். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். காகிதம் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒப்புதல் கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகும்.

விண்ணப்பத்துக்கு முன் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள்: மனையின் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், மின்கம்பிக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ ஒதுக்கிய வழித்தடம் மனைக்குள் ஓடுகிறதா, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது. மின்தடத்துக்கு அடியில் கொட்டகை போட ஒப்புதல் கிடைக்காது, போட்டாலும் இடிக்கச் சொல்வார்கள்.

கீழே வரும் அளவுகள் திட்டமிடவும் விலை கேட்கவும் போதுமானவை. உங்கள் மண்ணுக்கும் காற்றுக்கும் ஏற்ற இறுதி அளவைப் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

கம்பத்தின் முனையில் அடித்த சிறு பட்டை

இங்கே கிடைப்பது பெரும்பாலும் யூகலிப்டஸ் கம்பம், கடையில் ‘கம் போல்’ என்பார்கள். சி.சி.ஏ. மருந்தோ (தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்தது) கிரியோசோட் என்ற தார் எண்ணெயோ அழுத்தி ஏற்றியிருப்பார்கள். மருந்தின் அளவைக் கம்பத்தின் நிறம் சொல்லாது. முனையில் அடித்திருக்கும் சிறு பட்டைதான் சொல்லும். அதில் ‘எச்’ எழுத்தோடு வரும் எண், மரம் எவ்வளவு ஆபத்தான இடத்தைத் தாங்கும் என்ற வகுப்பு: மண்ணில் ஊன்றும் கம்பத்துக்கு எச்4, எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்துக்கு எச்5, மண் தொடாமல் மழை மட்டும் படும் கூரை மரத்துக்கு எச்3, முழுக்கக் கூரைக்கு உள்ளே இருப்பதற்கு எச்2. யூகலிப்டஸ் கம்பத்தின் பட்டையில் தென்னாப்பிரிக்கத் தேசியத் தர எண் சான்ஸ் 457 என்று இருக்கும். பட்டை இல்லாத கம்பத்தை என்ன விலைக்குக் கொடுத்தாலும் மண்ணில் ஊன்றாதீர்கள். எச்3 கம்பம் பார்வைக்கு எச்4 போலவே இருக்கும். வித்தியாசம் தெரியும்போது கூரை மேலே நிற்கும்.

கம்பத்தை ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். வெளிவட்டத்தில் பச்சை படர்ந்த ஒரு வளையம், அதுதான் மருந்து ஏறிய வெளிமரம். நடுவே இருக்கும் வைரம் மருந்தை ஏற்காது. ஆகவே அடிமுனையை வெட்டி நட்டால் மருந்து படாத வைரத்தை நேராக ஈரத்துக்குக் கொடுக்கிறோம். நீளம் கூடினால் மேல் முனையில்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும், ஒவ்வொரு துளையிலும் மரப் பாதுகாப்பு மருந்தைத் தூரிகையால் இரண்டு தடவை பூச வேண்டும். வெட்டிய தலைகளில் ஒரு தகரத் தொப்பியும் போடுங்கள்.

கரையோரத்தில் இன்னொரு எதிரி உண்டு. கிரிப்டோடெர்மிஸ் பிரெவிஸ் என்ற உலர்மரக் கரையான் மண்ணைத் தொடாமலே நேராகக் காய்ந்த மரத்துக்குள் குடியேறும். பைன் சட்டங்களும் மருந்தேற்றியதாகவே இருக்க வேண்டும் என்று இந்தக் கரையோரப் பகுதிக்கு விதி இருப்பது இதனால்தான். திறந்த கொட்டகை என்பதால் பர்லினுக்கும் (கைமரங்களின் மேல் குறுக்கே போய்த் தகரத்தைத் தாங்கும் சட்டம்) எச்3 கேளுங்கள்.

மருந்தேற்றிய உடனே லாரியில் ஏற்றிய கம்பம் ஈரத்தால் கனத்துக் கிடக்கும். காயும்போது சுருங்கி, போல்ட்டுகள் தளரும், நீள வெடிப்புகள் வரும். நீளவாக்கில் வரும் மெல்லிய வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். போல்ட் துளை வழியாக ஓடும் வெடிப்பும், முனையிலிருந்து இரண்டாகப் பிளக்கும் வெடிப்பும்தான் ஆபத்து. முனைகளில் பிளவைத் தடுக்கும் பல் தகடு அடித்த கம்பமாகப் பொறுக்குங்கள்.

வெட்டித் தள்ளிய துண்டுகளை அடுப்பிலோ பிரை (இறைச்சி சுடுவது) போடும் நெருப்பிலோ எரிக்கக் கூடாது. சி.சி.ஏ.யில் ஆர்செனிக் இருக்கிறது, புகையிலும் சாம்பலிலும் அது வரும். கிரியோசோட் போட்ட கம்பத்தை உணவுப் பொருள் வைக்கும் கொட்டகைக்கு எடுக்காதீர்கள், வாடை இறங்காது.

ஒரு காலை எவ்வளவு காற்று தூக்கும்?

விநாடிக்கு 36 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 130 கிலோமீட்டர் காற்றை எடுத்துக்கொள்வோம். அது ஒரு சதுர மீட்டரில் தரும் அழுத்தம் கிட்டத்தட்ட 79 கிலோ எடைக்குச் சமம். எல்லாப் பக்கமும் திறந்த கொட்டகையின் கூரையில் மேல்நோக்கிய இழுப்பும் ஏறக்குறைய அதே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்கள் 3 மீட்டருக்கு ஒன்று. கூரையின் பாதி அகலம் வெளிநீட்டலோடு 3.5 மீட்டர். ஆக ஒரு நடுக்காலின் பங்கு 10.5 சதுர மீட்டர், இழுப்பு சுமார் 830 கிலோ. அந்தப் பங்குக் கூரையின் சொந்த எடை 180 கிலோதான் வரும். மீதி 650 கிலோவைக் கீழே பிடித்து வைக்க வேண்டியது அடித்தளம்.

600 மி.மீ. விட்டக் குழியில் 1.1 மீட்டர் உயரத்துக்குக் காங்கிரீட் போட்டால், கம்பத்தின் கன அளவு போக, சுமார் 690 கிலோ. திறந்த கொட்டகைக்குக் காங்கிரீட்டின் எடையே ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது, சுற்றியுள்ள மண்ணின் பிடி உபரிப் பாதுகாப்பு. மூன்று பக்கம் அடைத்தால் இழுப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். அப்போது 750 மி.மீ. விட்டம் வேண்டும், காங்கிரீட் மட்டுமே 1,100 கிலோ வரும். குழி 450 மி.மீ. போதும் என்று வேலையாள் சொன்னால் இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

காங்கிரீட்டைக் கம்பம் உருவிக்கொண்டு வரக் கூடாது. ஊன்றும் பகுதியில் 12 மி.மீ. கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) கோச் ஸ்க்ரூ என்ற தடித்த மரத் திருகாணி நான்கைப் பாதி வெளியே நீட்டியபடி, வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு பக்கத்தில் முறுக்கிவிடுங்கள். காங்கிரீட் அவற்றைப் பற்றிக்கொள்ளும். வைரம் வரை போகும் நீளம் வேண்டாம்.

அடித்தளம்: கிண்ணம் ஆகக் கூடாது

பலரும் செய்வது: குழியில் காங்கிரீட்டைக் கொட்டி அதன்மேல் கம்பத்தை நிறுத்தி, சுற்றிலும் நிரப்பிவிடுவது. கம்பம் காய்ந்து சுருங்கியதும் காங்கிரீட்டுக்கும் மரத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி விழும். மழைநீர் அதில் இறங்கும், கீழே போக வழியில்லை. அடிமுனை நிரந்தரமாக நனைந்து கிடக்கும்.

சரியான முறை இது. குழி ஆழம் 1.35 மீட்டர். அடியில் 150 மி.மீ. உயரத்துக்கு 19 மி.மீ. ஜல்லி போட்டுக் கெட்டியாக இடியுங்கள். கம்பத்தை ஜல்லிமேல் நிறுத்துங்கள். அதன் அடியைச் சுற்றி இன்னும் 100 மி.மீ. ஜல்லி. அதற்கு மேல்தான் காங்கிரீட். அப்போது கம்பத்தின் அடிமுனை காங்கிரீட்டுக்குக் கீழே ஜல்லியில் நிற்கும், இறங்கும் நீர் வடிந்துவிடும். காங்கிரீட்டின் தலையைத் தரைக்கு மேல் 50 மி.மீ. உயர்த்தி, கம்பத்திலிருந்து வெளிப்புறமாகச் சரித்து முடியுங்கள். இந்தச் சரிவைக் கரண்டியால் தேய்க்க ஒரு காலுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. கம்பத்தின் ஆயுள் பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது.

மண் வகைக்கு ஏற்ப மாற்றம் உண்டு. டர்பனைச் சுற்றியுள்ள பெரியா செம்மணல் காய்ந்திருக்கும்போது கெட்டியாகத் தெரியும், நனைந்தால் பலமிழந்து அமுங்கும், கூரைநீர் ஓடினால் அரித்துக்கொண்டும் போகும். அங்கே குழியை 1.5 மீட்டருக்கு இறக்கி, அடிப்பக்கத்தைக் குடம் போல் கொஞ்சம் அகட்டுங்கள், கூரைநீரைக் குழாயில் பிடித்துத் தள்ளி விடுங்கள். கறுப்புக் களிமண்ணில் மண் உப்பியும் சுருங்கியும் கால்களை அசைக்கும். அங்கே பொறியாளர் இல்லாமல் குழி தோண்ட வேண்டாம். ஒரு மீட்டரிலேயே பாறை தட்டினால் குழியை அத்தோடு நிறுத்திவிடாமல், பாறையில் துளையிட்டுக் கம்பி நங்கூரம் வைப்பதைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

சட்டகம்

10 பாகைச் சாய்வில் 6 மீட்டருக்கு 1.06 மீட்டர் உயர வித்தியாசம் வரும். பின்கால் தரைக்கு மேல் 3 மீட்டர், முன்கால் 4.06 மீட்டர். மண்ணுக்குள் 1.2 மீட்டர் சேர்த்தால் பின்காலுக்கு 4.2 மீட்டர் கம்பம், முன்காலுக்கு 5.4 மீட்டர் கம்பம். கடைகளில் நீளம் 0.6 மீட்டர் படியாக வருவதால் இவை வெட்டு அதிகம் இல்லாமல் பொருந்தும். மேல்முனை விட்டம் 150–175 மி.மீ. தடித்த முனை கீழே.

கைமரம் 6 மீட்டரை நடுக்கால் இல்லாமல் தாண்ட வேண்டும். 3 மீட்டர் இடைவெளிக்கு 175–200 மி.மீ. விட்டமுள்ள 7.2 மீட்டர் கம்பம் வேண்டும். ஒன்று 150 முதல் 200 கிலோ இருக்கும். ஏற்ற நான்கு ஆள் போதாது, டிராக்டர் லோடர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அது முடியாது என்றால் நடுவில் ஒரு வரிசைக் கால் போடலாம். அப்போது கைமரம் 125–150 மி.மீ. போதும், இரண்டு துண்டாக நடுக்காலில் இணைக்கலாம், செலவும் குறையும். ஆனால் டிராக்டரைத் திருப்பும் இடம் போய்விடும். உரக் கொட்டகைக்கு நடுக்கால் நல்ல யோசனை, வாகனக் கொட்டகைக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 6 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும் என்றால் கம்பத்தை விட்டுவிட்டு, தொழிற்சாலையில் பல் தகடு அழுத்திச் செய்த டிரஸ்ஸுக்கு (முக்கோணக் கூரைச் சட்டகம்) போங்கள்.

கால்தலையில் கைமரம் உட்கார ஒரு மடி வெட்டி, எம்16 (16 மி.மீ. விட்டம்) போல்ட் இரண்டால் ஊடுருவிப் பூட்டுங்கள். 50 மி.மீ. சதுர வாஷர் போடாவிட்டால் முறுக்கும்போது நட் மரத்துக்குள் புதைந்துவிடும். மடி, கம்பத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. எல்லா இரும்பும் ஹாட்-டிப் கால்வனைஸ்: சி.சி.ஏ. மருந்தில் தாமிரம் இருப்பதால் சாதாரண ஆணி அதோடு சேர்ந்து வேகமாக அரிக்கும், கடல் உப்பு வேறு. கடல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் என்றால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்குச் செலவழிப்பது வீண் இல்லை.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு ஒவ்வொரு காலுக்கும் கைமரத்துக்கும் இடையே 45 பாகையில் ஒரு முட்டுக்கால். பின்வரிசையில் இரண்டு கடைசிக் கட்டங்களிலும் பெருக்கல் குறி போல் குறுக்கு மூலைவிட்டம். முன்வரிசையில் டிராக்டர் போக வேண்டியதால் மூலைவிட்டம் முடியாது, அங்கே கால்களை நீளவாக்கில் இணைக்கும் கட்டுமரத்தோடு ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு முட்டுக்கால்கள். முட்டுக்கால் வாகனத்தில் இடிக்கும் என்று பிறகு கழற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. அதனால்தான் உயரத்தை முதலிலேயே சரியாக வைக்க வேண்டும்: முட்டுக்காலின் கீழ்முனை டிராக்டர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

கூரை: தகரத்துக்கு ஏற்ப நீளம்

ஐ.பி.ஆர். (பெட்டி வடிவ முகடுகள் கொண்ட) தகரம் ஒன்று மூடும் அகலம் 686 மி.மீ. 18 தகரம் போட்டால் 12.35 மீட்டர், கடைசி ஓரத்தோடு 12.4. ஆகவே பக்க நீட்டலை 200 மி.மீ. என்று வைத்தால் ஒரு தகரத்தைக்கூட நீளவாக்கில் கிழிக்க வேண்டாம். 300 மி.மீ. நீட்டினால் 19ஆவது தகரம் வாங்கி முக்கால் பங்கை வெட்டி எறிவீர்கள். பர்லினுக்கும் இதே கணக்கு அழகாக விழுகிறது: 200 மி.மீ. நீட்டல், 6 மீட்டர், நடுக் கைமரத்தின் மேல் 400 மி.மீ. ஒட்டு, மொத்தம் 6.6 மீட்டர். பைன் சட்டம் அந்த நீளத்தில் கிடைக்கும்.

பர்லின் 50×152 மி.மீ., நிமிர்த்தி வைத்து, 1.17 மீட்டருக்கு ஒன்று என ஏழு வரிசை. பர்லினைக் கைமரத்தில் ஆணி மட்டும் அடித்து நிறுத்துவதுதான் கூரை பறப்பதற்கு முதல் காரணம். ஆணி பக்கவாட்டில் பிடிக்கும், நேர் மேலே இழுத்தால் உருவிக்கொண்டு வரும். ஒரு சந்தியில் 280 கிலோ வரை இழுப்பு வரலாம். ஒவ்வொரு சந்தியிலும் கால்வனைஸ் பட்டையைப் பர்லின்மேல் சுற்றி, இருபுறமும் கைமரத்தில் நான்கு நான்கு ஆணி அடியுங்கள். ஓரங்களில், மூலைகளில் இரட்டைப் பட்டை.

தகரம் 7.1 மீட்டர், ஒரே நீளம், நடுவில் ஒட்டு வேண்டாம். 0.5 மி.மீ. தடிமன். கடலோரத்துக்கு வெறும் கால்வனைஸைவிட வண்ணம் பூசிய அலுமினியம்-துத்தநாகத் தகரம் நல்லது. திருகாணியை முகட்டில் இறக்குங்கள், பள்ளத்தில் இறக்கினால் ஒழுகும். ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவு போதும், நசுங்கும்வரை முறுக்கினால் சில வருடத்தில் வெடிக்கும். மேல், கீழ்ப் பர்லின்களில் ஒவ்வொரு முகட்டிலும், உள்ளே ஒரு தகரத்துக்கு மூன்று. காற்று முதலில் பிடிப்பது ஓரத்தைத்தான். துளைபோட்ட இரும்புத்தூளை அன்றே துடைத்துவிடுங்கள், ஓர் இரவு பனியில் துருப்புள்ளி விழுந்துவிடும்.

இந்தக் கூரையில் 1 மி.மீ. மழை 85 லிட்டர். 25 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டருக்கு மேல். டர்பனில் ஆண்டு மழை 1,000 மி.மீ. அளவு. 5,000 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பின்பக்கம் வைக்க இப்போதே மேடை குறியுங்கள். நிறைந்து வழியும் நீரையும் குழாயில் எடுத்துக் கால்களிலிருந்து 3 மீட்டராவது தள்ளி விடுங்கள்.

வாங்க வேண்டியவை (திறந்த கொட்டகை)

- எச்4, 150–175 மி.மீ.: 4.2 மீ. கம்பம் 5, 5.4 மீ. கம்பம் 5
- எச்3, 175–200 மி.மீ., 7.2 மீ. கைமரம் 5
- எச்3, 100–125 மி.மீ.: கட்டுமரத்துக்கு 3.6 மீ. 8, மூலைவிட்டத்துக்கும் முட்டுக்காலுக்கும் 4.2 மீ. 10
- பைன் 50×152, 6.6 மீ.: 14
- ஐ.பி.ஆர். தகரம் 7.1 மீ.: 18, திருகாணி 450
- எம்16 போல்ட் 20, எம்12 போல்ட் 60, சதுர வாஷர் இரு மடங்கு. கோச் ஸ்க்ரூ 40
- சிமெண்ட் 50 கிலோ மூட்டை 20, மணல் 2 கன மீட்டர், 19 மி.மீ. ஜல்லி 2.5 கன மீட்டர்

காங்கிரீட் கலவை: ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 65 லிட்டர் தள்ளுவண்டியில் ஒன்றரை வண்டி மணல், ஒன்றரை வண்டி ஜல்லி. பத்துக் குழிக்கு 2.9 கன மீட்டர் காங்கிரீட்.

நிறுத்தும் வரிசை

நான்கு மூலைக்கு முளை அடித்து நூல் கட்டி, மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள்: 6×12-க்கு இரண்டும் 13.416 மீட்டர் வர வேண்டும். 10 மி.மீ. வித்தியாசம் வரை பரவாயில்லை, 50 மி.மீ. என்றால் தகரம் கோணலாகத்தான் போகும். முளைகளைக் குழியிலிருந்து ஒரு மீட்டர் வெளியே வையுங்கள், தோண்டும்போது தப்பும். நூலைக் கம்பத்தின் நடுவுக்குக் கட்டாமல் வெளிமுகத்துக்குக் கட்டுங்கள். கம்பம் எதுவும் நேராக இராது, நடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. வளைவு இருந்தால் அதை நீளவாக்கில் திருப்புங்கள், அப்போது வெளிமுகம் நேராக நிற்கும்.

நல்ல நேரம் பார்த்து முதல் கால் நடுவது நம் வழக்கம். அதற்கு ஒரு மூலைக்காலைத் தேர்ந்து, நூல் கட்டி, குழி வெட்டி, ஜல்லி இடித்து எல்லாம் முந்தின நாளே தயாராக இருக்கட்டும். மஞ்சள், குங்குமம், மாவிலை கட்டிக் காலை நிறுத்தி முட்டுக் கொடுத்துவிடுங்கள். காங்கிரீட்டை மற்ற மூலைகளும் நின்று, அளவு சரிபார்த்த பிறகு ஊற்றலாம். பூசை அவசரத்தில் காங்கிரீட் ஊற்றிய முதல் கால் சில அங்குலம் விலகிப் போனால் மற்ற ஒன்பதும் அதன் பின்னால் போகும்.

மூலைக்கால்களை இரு பக்கமும் தூக்குநூல் பார்த்து முட்டுக் கொடுத்து, நடுக்கால்களை அவற்றுக்கு வரிசைப்படுத்தி, பிறகு ஊற்றுங்கள். ஏழு நாள் முட்டுகளை எடுக்காதீர்கள், அதுவரை கைமரமும் ஏற்றாதீர்கள். கால்தலைகளைக் காங்கிரீட் இறுகிய பின்தான் வெட்ட வேண்டும்: தண்ணீர்மட்டக் குழாயால் எல்லாக் காலிலும் ஒரே மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து மேலே அளந்து வெட்டுங்கள். கட்டுமரமும் முட்டுக்காலும் பூட்டிய பிறகே தகரம் ஏற்றலாம். பாதித் தகரம் போட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போவது கூடாது. அன்று போட்ட தகரத்துக்கு அன்றே முழுத் திருகாணி.

கொட்டகையின் தரையை, சுற்றியுள்ள மண்ணைவிட 150 மி.மீ. உயர்த்தி ஜல்லி மண் இடித்துப் போடுங்கள், மேட்டுப் பக்கம் ஒரு வடிகால் வெட்டுங்கள். உர மூட்டைகளைப் பலகைத் தட்டில் வைத்து, தகரச் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். பொட்டாசியம் குளோரைடு சிதறிய இடத்தில் தகரத்தின் அடி ஓரம் கடலோரத்தைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

கரும்பு எரிப்பும் கம்பமும்

அறுவடைக்கு முன் எரிக்கும் கரும்புக்கு நடுவே கொட்டகை போடுபவர்கள் இதை வரைபடத்திலேயே தீர்க்க வேண்டும். சி.சி.ஏ. கம்பத்தில் தீப்பற்றினால், சுடர் அணைந்த பிறகும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். மருந்திலுள்ள உலோகங்கள் அந்தக் கனலைத் தக்கவைக்கின்றன. காலையில் அணைத்துவிட்டோம் என்று நினைத்த கம்பம் மாலையில் அடியில் அறுபட்டு விழும். 1998-இன் 101ஆம் எண் சட்டமான தேசியப் புல்வெளி, காட்டுத் தீச் சட்டம் நில உடைமையாளர் எல்லையில் தீத்தடுப்புப் பாதை வைக்க வேண்டும் என்கிறது. அதற்கு மேல், கொட்டகையைச் சுற்றி 10 மீட்டர் கரும்பும் சருகும் இல்லாத வெற்றிடம், ஒவ்வொரு காலைச் சுற்றியும் ஒரு மீட்டருக்கு ஜல்லி என்று வையுங்கள். பக்கத்து வயலில் எரிப்பதற்கு முன் கால்களை நனைத்துவிடுங்கள். எரித்து முடிந்ததும் ஒவ்வொரு காலையும் தரையோரத்தில் கை வைத்துப் பார்த்து, சூடு தெரிந்தால் நீர் ஊற்றி, அன்று இரவுக்குள் இன்னொரு முறை பாருங்கள்.

கட்டி முடித்து மூன்றாம் மாதமும், முதல் கோடைக்காற்றுக்கு முன் செப்டம்பரிலும் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள், மரம் சுருங்கியிருக்கும். வருடத்துக்கு ஒரு முறை காங்கிரீட் தலையிலிருந்து மண்ணையும் சருகையும் சுரண்டி எடுத்து, கம்பத்தைத் தரையோரத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை 2, 3 மி.மீ.க்கு மேல் போகாது. சுலபமாக 10 மி.மீ. இறங்கினால் அந்தக் காலுக்குப் பக்கத்தில் எச்4 துணைக்கம்பம் ஒன்றை ஊன்றி இரண்டையும் எம்16-ஆல் பூட்டும் வேலையை அடுத்த மழைக்காலத்துக்கு முன் முடித்துவிடுங்கள்.